ஒருமுறை நின்ற லிஃப்ட்

அந்த லிஃப்ட் கம்பெனியில் பட்டப்பெயர் இல்லாத ஒரே ஆள் அவள்தான். எந்த அழைப்பு வந்தாலும் மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு போகிறவனுக்குப் புயல் என்று பெயர். கழற்றிப் போட்ட பழைய இரும்புக் கம்பியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துணி உலர்த்தக் கட்டியவர் கொடி மாமா. மேனேஜருக்குக்கூட ஒன்று உண்டு. அவர் இல்லாத நேரத்தில் மட்டும் சொல்வார்கள். அவள் மேல் மட்டும் எதுவும் ஒட்டவில்லை. பதினோரு வருஷமாகக் காலை ஏழே முக்காலுக்கு வருவாள், பையைத் தோளில் மாட்டுவாள், போய்விடுவாள். கிண்டல் செய்வதற்கு ஏதாவது நடக்க வேண்டுமே. அவள் பக்கம் எதுவும் நடப்பதில்லை.

எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. நாலு தெருக்களில் நாற்பத்திரண்டு லிஃப்ட்டுகள் அவள் பொறுப்பு. ஒவ்வொன்றையும் மாதம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பையில் இரண்டு ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், டார்ச், கிரீஸ் டப்பா, கிழிந்த துணி, ஒரு குட்டி பாட்டிலில் சிவப்பு பெயின்ட், மூன்று பழைய பல் பிரஷ். பல் பிரஷ்ஷைப் பார்த்துவிட்டு ஒரு வீட்டு அம்மா, "இங்கயே குளிச்சுட்டுப் போவீங்களா?" என்று கேட்டதுண்டு. அது கதவுக்கு. லிஃப்ட்டின் கதவு ஓடுவதற்குத் தரையில் ஒரு பள்ளம் இருக்கும். பாதி லிஃப்ட்டுகள் நிற்பது அந்தப் பள்ளத்தால்தான். அழிரப்பர், பிஸ்கட் தூள், கம்மலின் திருகு, சாக்லெட் காகிதம் என்று ஒரு குடும்பத்தின் வரலாறே அதில் கிடக்கும். அவள் மண்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொரு மாடியிலும் அதைத் தேய்த்து எடுப்பாள். ஆறு மாடி என்றால் ஆறு தடவை மண்டி.

இதில் ஒரு வேடிக்கை, அவள் குடியிருந்த வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சாயந்திரம் ஐம்பத்துநாலு படி ஏறித்தான் போவாள்.

கம்பெனியில் மாதக் கடைசியில் ஒரு பட்டியல் போடுவார்கள். யாருக்கு எத்தனை புகார் வந்தது, எத்தனை பேரை லிஃப்ட்டிலிருந்து மீட்டார்கள், எத்தனை நிமிஷத்தில் என்று. புயலின் பெயர் எப்போதும் உச்சியில் இருக்கும். முப்பத்தொரு புகார், முப்பத்தொன்றும் தீர்த்தாயிற்று. அவன் ஏரியாவில் அவனைத் தெரியாத ஆள் இல்லை. அவன் வண்டிச் சத்தம் கேட்டாலே காவலாளிகள் கேட்டைத் திறந்து வைப்பார்கள். அவள் பெயர் கடைசியில் கிடக்கும். பூஜ்யம். சில மாதம் ஒன்று, அதுவும் பல்பு எரியவில்லை என்கிற மாதிரி.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஊரில் பெரிதாக ஓர் ஆஸ்பத்திரி எழும்பிக்கொண்டிருந்தது. எட்டு லிஃப்ட்டுகள். அதில் இரண்டு, நோயாளியைக் கட்டிலோடு ஏற்றுகிற அகலமானவை. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இந்தக் கம்பெனிக்கு வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் மேனேஜரைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடைய அப்பாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது லிஃப்ட் பதினாலு நிமிஷம் பாதியில் நின்றிருக்கிறது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டில் தள்ளிய ஆளோடு உள்ளே அரட்டை அடித்ததை இன்றைக்கும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். கேட்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். அவள் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

"உன்னை எப்படிம்மா அனுப்பறது?" என்றார் மேனேஜர். கெட்ட மனுஷர் இல்லை. பட்டியலை நம்புகிற மனுஷர். "மேலே ஃபைல் போகணும்ல. அவங்க முதல்ல பார்க்கறதே இந்த லிஸ்ட்டைத்தான். உன் பேருக்கு நேரா என்ன இருக்கு? முட்டை."

"லிஃப்ட் நிக்கலை சார். அதான் முட்டை."

"அது எனக்குப் புரியுது. முட்டையைப் பார்த்தா வேலை செஞ்ச மாதிரியா இருக்கு?"

அவள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அது நடந்து இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவளுடைய ஏரியாவில் ஒரு லிஃப்ட் நின்றது.

அந்தக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் தொலைக்காட்சியில் வானிலை சொல்கிறவர் குடியிருந்தார். அவரும் தண்ணீர் கேன் போடுகிற ஆளும் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மாடி தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. வானிலைக்காரர் உடனே போனை எடுத்து நேரலையை ஆரம்பித்தார். போனில் அவரைப் பின்தொடர்கிறவர்கள் லட்சக்கணக்கில் உண்டு. புயல் வருகிறது என்பதையே புன்சிரிப்போடு சொல்கிறவர், அன்றைக்குக் குரல் நடுங்க, "நண்பர்களே, நான் இப்ப ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள அடைபட்டிருக்கேன். காத்து குறைஞ்சுக்கிட்டே வருது" என்றார்.

பின்னாலிருந்து கேன்காரர், "ஃபேன் ஓடுது சார்" என்றார்.

"வெளிச்சமும் எப்ப வேணாலும் போயிடலாம்."

"லைட்டு நல்லாத்தான் சார் எரியுது." கேன்காரர் கேனைக் கீழே வைத்து அதன்மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டது படத்தில் தெரிந்தது.

காவலாளி போன் செய்தபோது அவள் பக்கத்துத் தெருவில் இருந்தாள். ஓடிவந்து, மொட்டைமாடி வரை படி ஏறி, மோட்டார் அறையைத் திறந்தாள். மெயினை அணைத்தாள். ஒரு கையால் பிரேக்கை விடுவித்து, மறுகையால் சக்கரத்தைச் சுற்றி, லிஃப்ட்டை அங்குலம் அங்குலமாக நாலாவது மாடிக்குக் கொண்டுவந்தாள். பிறகு இறங்கி ஓடி, முக்கோணச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள். மொத்தம் ஏழு நிமிஷம். கன்னத்தில் கிரீஸ், நெற்றியில் வியர்வை, மூச்சு வாங்குகிறது. கதவைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது இவ்வளவுதான்: "மெதுவா. கால் பார்த்து."

வானிலைக்காரர் அழுதேவிட்டார். கேன்காரர், "ஆறாவது மாடிக்கு இன்னும் ரெண்டு மாடி இருக்கே" என்று கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படியேறிப் போனார்.

மத்தியானத்துக்குள் அந்தப் படத்தை நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். வானிலைக்காரர் அதற்கு, 'என் உயிரைக் காத்த லிஃப்ட் அக்கா' என்று தலைப்பு வைத்திருந்தார். பதினோரு வருஷமாக ஒட்டாத பட்டப்பெயர் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது.

அவள் அதைப் பார்க்கவில்லை. லிஃப்ட் ஏன் நின்றது என்று தேடிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்டின் கூரைமேல் ஏறி நின்று, மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டே வந்தாள். மூன்றாவது மாடியில் டார்ச் வெளிச்சம் ஒரு நட்டின்மேல் விழுந்தது. லிஃப்ட்டை அங்கேயே நிறுத்தினாள்.

ஒவ்வொரு மாடிக் கதவின் பின்னாலும் பூட்டோடு சேர்ந்து ஒரு சின்ன உருளை இருக்கும். லிஃப்ட் அதை உரசாமல் விரற்கடை இடைவெளியில் தாண்டிப் போக வேண்டும். அந்த உருளையைப் பிடித்திருந்த நட்டு தளர்ந்து, உருளை நகர்ந்திருந்தது. தாண்டிப்போன லிஃப்ட் அதை இடித்திருக்கிறது. கதவு திறந்துவிட்டது என்று லிஃப்ட் நினைத்துக்கொண்டது. கதவு திறந்தால் ஓடக் கூடாது என்பது அதற்கு விதித்த சட்டம். சட்டப்படி நின்றுவிட்டது. லிஃப்ட்டின் மேல் ஒரு தப்பும் இல்லை.

நட்டை முடுக்கியதும் அதன்மேலும் தகட்டின்மேலும் சேர்ந்தாற்போல ஒரு சிவப்புக் கோடு போடுவது அவள் பழக்கம். அடுத்த மாதம் டார்ச் அடித்தால் போதும். கோடு ஒரே நேராக இருந்தால் நட்டு இறுக்கமாக இருக்கிறது. கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் தளர்ந்துவிட்டது. இந்த நட்டில் கோடு பளிச்சென்று புதிதாக இருந்தது. இரண்டாகப் பிரிந்தும் இருந்தது. நட்டை விரலால் திருகிப் பார்த்தாள். சுற்றியது.

ஒன்பது நாளைக்கு முன்னால் இதே இடத்தில் அந்த நட்டைக் கையால் பொருத்திக்கொண்டிருந்தபோது, நாலாவது மாடிக்காரர் அவளைக் கூப்பிட்டிருந்தார். லிஃப்ட் கண்ணாடியில் தன் முகம் அகலமாகத் தெரிகிறது என்பது அவர் புகார். அவரைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பி வந்தாள். வந்ததும் பெயின்ட்டைத் தொட்டுக் கோடு போட்டுவிட்டாள். ஸ்பேனர் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. முடுக்காத நட்டுக்கு முடுக்கியதாகக் கோடு போடுவது, கோடே போடாத புயலால் செய்ய முடியாத தப்பு. கோடு போடுகிற அவளால் மட்டும்தான் முடியும்.

சாயந்திரம் மேனேஜர் அறைக்குப் போனபோது அவர் எழுந்து நின்று கைகுலுக்கினார். அப்படி அவர் செய்தது அதுதான் முதல் தடவை.

"காரணம் கரண்ட் ஏத்த இறக்கம்னு எழுதிட்டேன்" என்றார்.

"கரண்ட் இல்ல சார். மூணாவது மாடி நட்டு. நான்தான் முடுக்காம விட்டுட்டேன்."

அவர் கதவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப ஏம்மா சொல்ற?"

அன்றிலிருந்து பதினாறு நாள் அவள் நாற்பத்திரண்டு லிஃப்ட்டுகளிலும் ஏறி, ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் வைத்து மறுபடி பார்த்தாள். எல்லாம் இறுக்கமாக இருந்தன. அதை யாரும் படம் எடுக்கவில்லை. படம் எடுத்ததெல்லாம் வேறு விஷயங்களுக்கு.

முதலில் கம்பெனி போஸ்டர் அடித்தது. போட்டோகிராபருக்கு அவளுடைய ஸ்பேனர் சின்னதாகத் தெரிந்தது. எங்கிருந்தோ குழாய் ரிப்பேர்காரர்களின் பெரிய ரெஞ்ச் ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அது அவள் கை நீளம் இருந்தது. "இதை வெச்சு லிஃப்ட்ல ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றாள். "பண்ண வேணாம், பிடிங்க போதும்" என்றார் அவர். போஸ்டரில் அவள் யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி நின்றாள்.

அவளுடைய கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவருடைய தம்பிக்குச் செல்போன் கடையில் வேலை. புகழ் வந்த மூன்றாம் நாளே கொழுந்தன் தன்னை அவளுக்கு மேனேஜராக நியமித்துக்கொண்டான்.

"அண்ணி, பன்னெண்டு லட்சம் தாண்டிடுச்சு. இப்ப விட்டா போச்சு. அடுத்த வீடியோ போடணும்."

"அடுத்த வீடியோவுக்கு அடுத்த லிஃப்ட் நிக்கணுமேடா."

"நிக்க வெச்சா?"

அவள் கையிலிருந்த கரண்டியைப் பார்த்துவிட்டு அவன் இரண்டடி பின்வாங்கினான். ஆனாலும் தன் போனில் அழைப்பு மணியாக, "மெதுவா. கால் பார்த்து" என்ற அவள் குரலையே வைத்துக்கொண்டான். அது சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் ஒலிக்கும்போதெல்லாம் அவளே ஒரு கணம் காலைப் பார்த்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்வதென்றால், முதல் வாரம் அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. தெருவில் பிள்ளைகள் கையசைத்தன. காய்கறிக் கடைக்காரர் வரிசையில் முன்னால் விட்டார். படி ஏறும்போது முதல் மாடிக்காரம்மா கதவைத் திறந்து, "நம்ம பில்டிங்ல ஒரு பிரபலம் இருக்காங்கன்னு தெரியவே இல்லையே" என்றாள். அவளுக்கு அன்றைக்கு ஐம்பத்துநாலு படியும் இருபதாகத் தெரிந்தது.

இரண்டாவது வாரம் தொல்லை தொடங்கியது. அவள் வழக்கம்போல ஒரு கட்டடத்தில் லிஃப்ட்டில் ஏறினாள். உள்ளே இருந்த தம்பதி அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்தார்கள்.

"லிஃப்ட் அக்காதானே நீங்க? ஏன், இது நின்னுடுமா?"

"இல்லீங்க. சும்மா பார்க்க வந்தேன்."

"சும்மா வருவாங்களா?" என்று மனைவி கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் படியில் போய்விட்டார்கள். அதற்கப்புறம் தினமும் இதே கதை. அவள் நிற்கிற லிஃப்ட்டில் ஆள் ஏறுவதில்லை. பதினோரு வருஷமாக நிற்காத லிஃப்ட்டுகள், அவள் முகம் தெரிந்துபோனதால் நின்றுவிடும் என்ற பெயரை வாங்கிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் இனிப்புப் பெட்டி இருந்தது.

"ஆஸ்பத்திரி உனக்குத்தாம்மா. அங்க இருக்கற பெரியவங்க உன் வீடியோவைப் பார்த்துட்டு, அந்தம்மாவையே போடுங்கன்னு சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை பத்து மணிக்கு அவங்க இன்ஜினியர் மேடம் வந்து உன்னைப் பார்ப்பாங்க. அவங்க சரின்னா முடிஞ்சுது."

அவள் நாக்கில் இனிப்பு கரைந்துகொண்டிருந்தது. ஆனால் மனசு வேறெங்கோ இருந்தது. இரண்டு வருஷம் கேட்டுக் கிடைக்காத ஆஸ்பத்திரி இது. நிற்காத லிஃப்ட்டுகளைக் காட்டிக் கிடைக்காதது, நின்ற ஒரே லிஃப்ட்டால் கிடைக்கப்போகிறது. அதுவும் அவளே நிறுத்தியது.

கம்பெனி வாசல் படியில் டீ குடித்துக்கொண்டிருந்த புயலிடம் நட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"அக்கா, நீ இதைத் தப்புன்னு சொல்ற. நான் வருஷா வருஷம் சான்றிதழ் வாங்கறேனே, அதெல்லாம் எதுக்குன்னு நினைச்ச? நான் கதவைத் துடைக்காத லிஃப்ட் நிக்குது, நானே ஓடிப்போய்த் திறக்கறேன். உள்ள இருக்கறவங்க என் கையைப் பிடிச்சு அழறாங்க. துடைச்சா யாராவது அழுவாங்களா?"

"வெக்கமா இல்லையாடா?"

"கொஞ்சம் இருக்கு. ஆனா ஓடறது எனக்குப் பிடிச்சிருக்கே." டீயை ஊதினான். "ஒண்ணு சொல்லட்டா? நீ லீவு போட்டா உன் ஏரியாவுக்கு நான்தான் மாத்துக்கு வருவேன்னு மேனேஜர்கிட்ட சண்டை போடுவேன். ஏன்னு தெரியுமா?"

"ஏன்?"

"தூங்கலாம்."

அவளைப் பற்றி அந்தக் கம்பெனியில் ஒருவர் சொன்ன முதல் பாராட்டு அதுதான். இருந்தும் கிளம்பும்போது அவன் சொன்னான்: "நட்டு கிட்டுன்னு அந்த மேடம்கிட்ட உளறி வைக்காதே. கரண்ட்டுன்னா கரண்ட்டு."

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கணவரிடம் கேட்டாள். அவர் யோசித்தார். "கேட்டா சொல்லிடு. கேக்கலைன்னா?"

"கேக்கலைன்னா வேலை கிடைச்சிடும்."

"அப்ப அவங்க கேக்கணும்னு நினைக்கறியா, கேக்கக் கூடாதுன்னு நினைக்கறியா?"

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

வியாழக்கிழமை இன்ஜினியர் மேடம் சரியாகப் பத்துக்கு வந்தார். ஐம்பது வயசிருக்கும். கட்டையாக வெட்டிய நரைமுடி, தேய்ந்த ஷூ, கைப்பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டார்ச். மேனேஜர் சுவரில் இருந்த பெரிய டிவியில் வீடியோவைப் போட்டார். காற்று குறைகிறது என்றார் வானிலைக்காரர். ஃபேன் ஓடுது சார் என்றார் கேன்காரர். மேடம் சிரிக்காமல் முழுவதையும் பார்த்தார்.

"ஏழு நிமிஷம். நல்ல வேலை" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "லிஃப்ட் ஏன் நின்னுது?"

"கரண்ட் ஏத்த இறக்கம் மேடம்" என்றார் மேனேஜர்.

"அவங்களைக் கேட்டேன்."

மூன்று வாரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் அவளிடம் கேள்வி கேட்டிருந்தார்கள். பயமா இருந்ததா, எப்படி உணர்ந்தீங்க, பெண்களுக்கு என்ன சொல்ல விரும்பறீங்க. இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. கேட்ட பிறகுதான், தான் இதற்காகவே காத்திருந்தது அவளுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி கையைவிட்டுப் போகப்போகிறது என்பதும் தெரிந்தது. கட்டில் ஏற்றுகிற லிஃப்ட்டை நட்டு முடுக்க மறக்கிறவளிடம் யார் கொடுப்பார்கள்? ஆனால் இதை மறைத்துவிட்டு, அந்த லிஃப்ட்டின் கூரைமேல் நின்று எப்படி டார்ச் அடிப்பது?

"மூணாவது மாடிக் கதவு உருளை நகர்ந்துடுச்சு மேடம். அந்த நட்டை நான் முடுக்கலை. கையால வெச்சுட்டுப் பேசப் போயிட்டேன். வந்து கோடு போட்டுட்டேன்."

மேனேஜர் தலையைத் தூக்கி மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

"முடுக்காமலே கோடு?"

"ஆமா மேடம்."

"அதுக்கப்புறம்?"

"நாப்பத்திரண்டு லிஃப்ட்லயும் எல்லா நட்டையும் திரும்பப் பார்த்தேன். பதினாறு நாள் ஆச்சு."

"எத்தனை லூஸா இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"இப்ப எப்படிப் பண்றீங்க?"

"ஸ்பேனர் கையில இருக்கும்போதுதான் பெயின்ட் மூடியைத் திறக்கறேன். யார் கூப்பிட்டாலும், கையில இருக்கற நட்டை முடிச்சுட்டுத்தான் இறங்கறேன்."

மேடம் ஒரு நோட்டில் ஏதோ எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கம்பெனியின் மாதப் பட்டியலைக் கேட்டார். மேனேஜர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். மேடத்தின் விரல் புயலின் பெயரில் நின்றது. "ஒரு மாசத்துல முப்பத்தொண்ணா?" விரல் கடைசி வரிக்கு இறங்கியது. பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். "இது என்ன, இவங்க நீண்ட லீவுல இருந்தாங்களா?"

"இல்ல மேடம், அது வந்து..." என்று மேனேஜர் இழுத்தார்.

"இதுல இருக்கறதுலயே பழைய லிஃப்ட் எது?"

"கடைத்தெரு பின்னால ஒண்ணு இருக்கு மேடம். பத்தொம்பது வருஷம்" என்றாள் அவள்.

"வாங்க, போகலாம்."

மூவரும் மேனேஜரின் காரில் போனார்கள். மேனேஜர் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார்.

அது ஐந்து மாடிக் கட்டடம். சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. தபால் பெட்டிகளில் பாதிக்கு மூடி இல்லை. மேடம் லிஃப்ட்டில் ஏறி ஐந்து மாடியும் போய்வந்தார். ஒவ்வொரு மாடியிலும் கதவை நிறுத்தி, குனிந்து டார்ச் அடித்தார். பள்ளத்தில் விரலை விட்டு இழுத்து, விரலைப் பார்த்தார். மோட்டார் அறைக்குப் போனார். லிஃப்ட்டின் கூரைமேல் ஏறி, கதவு கதவாகச் சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். சில நட்டுகளில் வருஷக்கணக்கான கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தடித்திருந்தன. சிலவற்றில் தன் ஸ்பேனரை வைத்து முடுக்கிப் பார்த்தார். நகரவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவள் பின்னாலேயே நின்றாள்.

கடைசியில் கீழே வந்தபோது வாசலில் ஒருவர் வந்துகொண்டிருந்தார். கையில் காய்கறிப் பை, காலில் ரப்பர் செருப்பு. ரிடையரான மனுஷர் போலிருந்தார். லிஃப்ட் வாசலில் மூன்று பேர் நிற்பதைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன, ரிப்பேரா?"

"இல்லீங்க" என்றார் மேடம். "சும்மா பார்க்கறோம். நீங்க இங்க குடியிருக்கீங்களா?"

"ஒம்பது வருஷமா."

"இந்த லிஃப்ட்டை யார் பார்த்துக்கறாங்க?"

மனுஷர் லிஃப்ட்டை மேலும் கீழும் பார்த்தார், இதற்கு முன் அதைப் பார்த்ததே இல்லை என்பது போல. "யாரும் பார்க்கறதில்லையே" என்றார். "கம்பெனிக்காரங்க சுத்த மோசம். ஒம்பது வருஷத்துல ஒரு தடவைகூட ரிப்பேருக்குன்னு ஆள் வந்ததை நான் பார்த்ததில்லை. ஏதோ, லிஃப்ட் நல்ல லிஃப்ட். அது பாட்டுக்கு ஓடுது."

மேனேஜர் இரண்டு கைகளையும் உயர்த்தி ஏதோ சொல்ல வந்தார். அவள் முகம் சுருங்கிவிட்டது. ஒன்பது வருஷத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தடவை இந்த வாசலில் மண்டி போட்டிருக்கிறாள். இவர் வீட்டுக் கதவுக்கு எதிரிலேயே கூட்டிப் பார்த்தால் ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். இவர் அப்போது தூங்கியிருக்கலாம், கடைக்குப் போயிருக்கலாம். ஆஸ்பத்திரியை விடு, இந்த ஒரு மனுஷருக்காவது தெரிந்திருக்கக் கூடாதா என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் நிமிர்ந்தபோது மேடம் நோட்டைத் திறந்து அந்த மனுஷர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, அடியில் ஒரு கோடும் போட்டார்.

"நாலு கம்பெனிக்குப் போனேன்" என்றார் அவளைப் பார்த்து. "எல்லா இடத்துலயும் எத்தனை பேரை வெளிய எடுத்தோம்னு சொன்னாங்க. இப்படி ஒரு புகாரை எங்கயும் கேக்கலை." முதல் தடவையாகச் சிரித்தார். முன்பல் ஒன்று சற்று வளைந்திருந்தது. சிரித்தபோது வேறு ஆளாகத் தெரிந்தார். "திங்கட்கிழமை ஏழு மணிக்கு வாங்க. முதல்ல கட்டில் லிஃப்ட் ரெண்டும். மூணு மாசம் உங்க பின்னாலேயே நிப்பேன், ஒவ்வொரு நட்டையும் நானும் பார்ப்பேன். அப்புறம் மிச்சம் ஆறு."

"நட்டு விஷயம் மேடம்..."

"அதைச் சொன்னதாலதான் இங்க வந்தேன். கரண்ட்டுன்னு சொல்லியிருந்தா அங்கயே டீ குடிச்சுட்டுக் கிளம்பியிருப்பேன்."

காய்கறிப் பையோடு நின்றவருக்கு இதெல்லாம் விளங்கவில்லை. "நான் போகலாமா?" என்று கேட்டுவிட்டு லிஃப்ட்டுக்குள் போனார். கதவு மூடியது. மூவரும் அப்படியே நின்றார்கள். உறுமல் இல்லை, உரசல் இல்லை. மேலே எரிந்த எண் மட்டும் ஒன்றிலிருந்து இரண்டுக்கும் இரண்டிலிருந்து மூன்றுக்கும் மாறியது.

"பத்தொம்பது வருஷ லிஃப்ட்டா இது?" என்றார் மேடம். "மழைத் தண்ணி உள்ள வந்தா இந்தக் கீழ்க் கதவுப் பள்ளத்துல தேங்குமே, அதை என்ன பண்றீங்க?"

"இந்த மூலையில ஒரு ஓட்டை போட்டிருக்கேன் மேடம். குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியும்."

"எங்க?"

மேனேஜருக்கு அதற்குள் உயிர் திரும்பியிருந்தது. போனை எடுத்து உயர்த்தினார். "மேடம், இந்தச் சந்தோஷத்துக்கு ஒரு போட்டோ. ரெண்டு பேரும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."

இருவரும் தரையோடு தரையாகப் படுத்து, ஒரே டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கூப்பிட்டது காதில் விழவில்லை. அவர் போனில் விழுந்தது, தேய்ந்த ஷூ ஒரு ஜோடியும் கிரீஸ் படிந்த ஷூ ஒரு ஜோடியும்தான்.